பார்க்கப்படுவதன் பெறுமதி

இலங்கை வானொலியின் ‘நேயர் விருப்பம்’ நிகழ்ச்சி இந்த இதழைப் படிக்கும் பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். மாணவிகளுக்குப் புதிதாக இருக்கலாம். ஒரு தபாலட்டையில் விரும்பிய பாட்டின் பெயரையும், அதைக் கேட்க விரும்புகிறவர்களின் பெயர்களையும், ஊரையும் எழுதி அனுப்புவார்கள். பாட்டைப் போடுவதற்கு முன் அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை வாசிப்பார். பிறந்தநாள் வாழ்த்துகளும் அப்படித்தான். பிள்ளையின் பெயர், பிறகு வாழ்த்துகிற உம்மா, வாப்பா, பெரியும்மா, சாச்சி, மாமி என்று நீளும் ஒரு பட்டியல். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளுக்காக வீடே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பி.எச். அப்துல் ஹமீத் போன்ற ஓர் அறிவிப்பாளரின் வாயால் தன் பெயர் உச்சரிக்கப்படுவது அந்தக் காலத்து இளைஞர்களுக்குச் சாதாரண விடயமல்ல. அடுத்த நாள் கடைத்தெருவில் “உங்கட பேர் நேற்று ரேடியோவில போச்சுது” என்று யாராவது சொன்னால், அந்த வாரம் முழுக்க அதுவே பேச்சு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்களைப் பிறர் கவனிக்க வேண்டும் என்ற ஆசை கைத்தொலைபேசியோடு வந்த நோய் என்று பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். அது உண்மையல்ல. பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதிக்குப் படம் அனுப்பியவர்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள். ஆசை பழையது. அந்த ஆசையைச் சுற்றி எழும்பியிருக்கும் சந்தைதான் புதியது. ஊடகக் கற்கை படிப்பிக்கிற ஒருத்தியாக, அந்தச் சந்தை எப்படி வந்தது, எங்கள் பிள்ளைகளின் நட்பு வட்டத்துக்குள் அது எப்படி ஒரு நாணயம் போலப் புழங்குகிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு (1930–2002) ‘பண்பாட்டு மூலதனம்’ என்ற கருத்தை முன்வைத்தார். பணம் மட்டும் மூலதனமல்ல என்பது அவருடைய வாதம். ஒருவருடைய பேச்சு, நடை, ரசனை, அவர் வீட்டில் இருக்கும் புத்தகங்கள், கையில் இருக்கும் சான்றிதழ் எல்லாமே சமூகத்தில் இடம் பிடிப்பதற்குப் பயன்படுகின்றன. இந்த மூலதனம் மூன்று வடிவங்களில் இருக்கிறது என்றார்: உடம்போடும் பழக்கத்தோடும் ஊறியது, பொருளாக வீட்டில் இருப்பது, நிறுவனம் ஒன்று முத்திரை குத்திக் கொடுப்பது. பிரான்சுக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். தடுமாறாமல் ஆங்கிலம் பேசுவது முதல் வகை. கூடத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியிருக்கும் கிண்ணங்களும் கேடயங்களும் இரண்டாவது. மூன்று ‘ஏ’ எடுத்த பெறுபேற்றுத் தாள் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் இங்கே எவ்வளவு மரியாதை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெறுபேறு வெளியான வாரத்தில் ரியூசன் நிலையங்களின் முன்னால் தொங்கும் பதாகைகளைப் பார்த்தாலே போதும்.

அந்தப் பதாகைகளை நான் வேறொரு காரணத்துக்காகவும் கவனிப்பதுண்டு. பெறுபேறு ஒரு சாதனை. அதைப் படத்தோடு சந்தியில் தொங்கவிடும்போது அது காட்சியாகிறது. படித்ததால் வந்த மதிப்பு ஒன்று, பார்க்கப்பட்டதால் வந்த மதிப்பு இன்னொன்று, இரண்டும் ஒன்றாக ஒட்டியிருந்தன. 1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமரும் அப்படித்தான். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான அந்தக் கிரிக்கெற் போட்டியில் மைதானத்துக்குள் விளையாடுபவர்கள் அணிக்குப் பதினொரு பேர். கொடியும் மேளமுமாக றோட்டில் ஊர்வலம் போகிறவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களுக்கும் அந்த நாளின் புகழில் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு பரீட்சை, ஒரு போட்டி, ஒரு பாடசாலை. கவனம் அதன் நிழலாக வந்தது.

நிழல் தனியே கழன்று நடக்கத் தொடங்கியது எப்போது? ஒரே நாளில் நடந்ததல்ல. ஆனால் ஒரு திகதியைச் சொல்லலாம். பேஸ்புக் 2004 இல் தொடங்கியது. அதில் ‘லைக்’ பொத்தான் வந்தது 2009 பெப்ரவரியில். எங்கள் நாட்டில் போர் முடிந்த அதே ஆண்டு. வானொலியில் பெயர் வாசிக்கப்பட்டபோது அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்குப் பிடித்ததா என்றும் தெரியாது. லைக் பொத்தான் அந்தத் தெரியாமையை நீக்கியது. கவனத்துக்கு ஓர் எண் கிடைத்தது. எண்ணக்கூடியதை ஒப்பிடலாம், சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். மூலதனம் என்று ஒன்றைச் சொல்ல இவைதானே வேண்டும்? 2010 இல் இன்ஸ்ரகிராமும், அதற்குச் சில வருடங்களின் பின் ரிக்ரொக்கும் வந்து இதை இன்னும் கூராக்கின. ரிக்ரொக்கில் உங்களைத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல, உங்களை அறவே தெரியாத ஆயிரம் பேருக்கு முன்னும் உங்கள் வீடியோ போய் நிற்கும். யார் முன் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு கணக்கு முறை. எந்த வீடியோவில் மக்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று அது பார்க்கிறது. தங்க வைப்பது எதுவோ அது மேலே போகும்.

இதற்குப் பின்னால் உள்ள பொருளாதாரத்தை அமெரிக்க அறிஞர் ஹேபேட் சைமன் 1971 இலேயே சொல்லிவிட்டார். அவர் 1978 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். தகவல் பெருகப் பெருக, அதைப் படிப்பவரின் கவனம் தட்டுப்பாடாகிறது என்பது அவருடைய கருத்து. தட்டுப்பாடான பொருளுக்கு விலை கூடும் என்பதைத் திருநெல்வேலிச் சந்தையில் மழைக்காலத்தில் தக்காளி வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் ஒரு வீடியோவைப் பார்க்கும் முப்பது விநாடியை ஒரு நிறுவனம் விளம்பரதாரருக்கு விற்கிறது. அவள் ஒரு வீடியோவைப் பதிவிட்டால், மற்றவர்களின் முப்பது விநாடிகளைச் சேகரித்துக் கொடுக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாள். யூரியூபில் பணம் கிடைக்கிறதே என்பார்கள். விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க 1000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் மக்கள் பார்த்த 4000 மணித்தியாலமும் வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல். அதை எட்டாதவர்கள்தான் பெரும்பாலானோர்.

எங்கள் வகுப்பறைகளுக்குள் இது முழுதாக நுழைந்தது 2020 இல் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் சூமிலும் வட்ஸ்அப்பிலும் வந்தன. கைத்தொலைபேசியை வீட்டுக்குள் அனுமதிக்காத குடும்பங்கள்கூட, கடன்பட்டாவது ஒன்றை வாங்கிக் கொடுத்தன. பாடசாலை திரும்பத் திறந்தபோது தொலைபேசி திரும்பிப் போகவில்லை. பெற்றோர் இதில் தங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிப்புக்காகத்தான் வாங்கினார்கள்.

இப்போது அதன் புழக்கத்தைப் பாருங்கள். வகுப்பில் யாருடைய பகிடிக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள், யார் பக்கத்தில் இருக்கப் போட்டி, கலைவிழாவில் யாரை முன்வரிசையில் விடச் சொல்லிப் பிள்ளைகளே கேட்கிறார்கள் என்பதில் எல்லாம் ஒரு புதிய அளவுகோல் வந்திருக்கிறது. “ரீச்சர், அவளுக்கு எத்தனை பொலோவர்ஸ் தெரியுமோ?” என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது புறணியாக அல்ல. இன்னொருத்தியை நிகழ்ச்சிக்குச் சிபாரிசு செய்யும் தகுதியாகச் சொன்னாள். முன்பு ‘நல்லாப் பாடுவாள்’, ‘நல்லாப் படிப்பாள்’ என்பார்கள். புடவைக்கடைகளும் கேக் செய்பவர்களும் இப்படிப் பார்க்கப்படுகிறவர்களிடம் பொருளைக் கொடுத்து அறிமுகம் செய்யச் சொல்கிறார்கள். கவனம் பொருளாகவும் நட்பாகவும் வாய்ப்பாகவும் மாறிவிடுகிறது. பூர்தியு சொன்ன ‘ஒரு மூலதனத்தை இன்னொன்றாக மாற்றலாம்’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

இது எல்லோருக்கும் திறந்த கதவு போலத் தெரியும். ஓரளவுக்கு உண்மையும்கூட. சாதி, குடும்பப் பெயர், பாடசாலைப் பெயர் என்று பார்த்து ஆளை எடைபோடும் ஒரு குடாநாட்டில், கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை பாடிய பாட்டு ஊரெல்லாம் போவது சின்ன விடயமல்ல. அந்தக் கதவை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகப் படம் பிடிக்கும் தொலைபேசி, நல்ல வெளிச்சமுள்ள அறை, பின்னால் காட்டக்கூடிய சுவர், பதிவு செய்யும்போது தம்பி அழாத வீடு எல்லாம் இருப்பவருக்கு ஓட்டம் ஏற்கெனவே பாதித் தூரத்தில் தொடங்குகிறது. இல்லாத பிள்ளை தன் வீட்டின் எந்த மூலை ‘காட்டலாம்’ என்று தேடத் தொடங்குகிறாள். தன் வீட்டை அந்நியர் கண்ணால் பார்க்கப் பழகிய பிள்ளை, பிறகு தன் முகத்தையும் அப்படியே பார்க்கிறாள். 2021 இல் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகளை அங்கே வேலை செய்த பிரான்சிஸ் ஹோகன் வெளிக்கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி மனவருத்தத்தில் இருந்த பதின்மவயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்ரகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னார்கள் என்று அந்த ஆய்வு ஒன்றில் இருந்தது. நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் அதில் என்னை உறுத்தியது.

பார்க்கப்பட விரும்புவதை ‘சும்மா ஆடம்பரம்’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு என் காரணம் எங்கள் சமூகத்தின் கதையிலேயே இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். வீடும் கடையும் நகையும் விட்டுப்போனவற்றின் கணக்கில் வரும். படங்கள் வராது. என் உம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. சோனகத் தெருவில் அவர் பள்ளிக்கூடம் போன காலம் இருந்ததற்குச் சாட்சி அவருடைய வாய் மட்டும்தான். புத்தளத்து முகாம்களில் பிறந்த எங்களுக்கு, நாங்கள் யார், எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் பண்ணைக் கடற்கரையிலும் நின்று படம் எடுத்து ‘எங்கட ஊர்’ என்று போடும்போது, எனக்கு அதில் விளையாட்டு மட்டும் தெரிவதில்லை.

ஆகவே பார்க்கப்படுவது தேவையும்தான். கேள்வி, யார் பார்ப்பது, யாருடைய விருப்பத்தோடு, யாருக்கு இலாபம் என்பது.

இந்த மூன்று கேள்வியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்து உதவி வீடியோக்களைப் பார்க்க வேண்டும். ஏழைக் குடும்பம் ஒன்றைத் தேடிப் போவார்கள். ஓலைக் கூரை, ஒழுகும் சுவர், அழும் தாய் எல்லாம் பதிவாகும். கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் உறவுகள் மனமிரங்கிப் பணம் அனுப்புவார்கள். பல குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது, வைத்தியம் கிடைத்திருக்கிறது. அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் 2025 தொடக்கத்தில், உதவி என்ற பெயரில் ஓர் ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளையைக் கமராவின் முன் அவமதிக்கும் வகையில் பேசிய ஒரு வீடியோ பரவி, பெரும் கண்டனம் எழுந்து, அதை எடுத்தவர் கைது செய்யப்படும் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தன் முகத்தைக் காட்ட விருப்பமில்லை என்பதே அங்கே ஒரு குற்றம் போல நடத்தப்பட்டது. உதவி வேண்டுமா, முகத்தைக் காட்டு. கவனம் மூலதனமான ஓர் உலகில், கொடுக்க வேறொன்றும் இல்லாதவர்களிடம் கேட்கப்படும் விலை அவர்களுடைய முகம்தான்.

எங்கள் மார்க்கத்தில் இதற்குப் பழைய ஒரு சொல் இருக்கிறது. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக நன்மை செய்வதை ‘ரியா’ என்கிறோம். சூரத்துல் மாஊன் தொழுகையில்கூட அந்த நோய் புகக்கூடும் என்று எச்சரிக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் தர்மம் செய்தவருக்கு மறுமையில் கிடைக்கும் நிழலைப் பற்றிய ஹதீஸ் மாணவிகளுக்குத் தெரிந்ததுதான். அதே நேரம் சூரத்துல் பகரா 271 ஆவது வசனம் தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது மேலானது என்கிறது. ஆகவே வெளிச்சத்தை முற்றாகத் தடுக்கவில்லை. நான் இதில் கவனிப்பது இன்னொன்று: அந்த மறைவு கொடுப்பவரின் உள்ளத்தை மட்டுமல்ல, வாங்குபவரின் முகத்தையும் காப்பாற்றுகிறது.

பெண்பிள்ளைகளின் விடயத்துக்கு வருகிறேன். கவனம் எல்லோருக்கும் ஒரே நாணயமாக இருந்தாலும், ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் அதன் மாற்று வீதம் வேறு. ஒரு பையனின் வீடியோவை ஐயாயிரம் பேர் பார்த்தால் அவன் ‘ஃபேமஸ்’. அதே ஐயாயிரம் பேர் ஒரு மாணவியின் வீடியோவைப் பார்த்தால், அவளுடைய உம்மாவுக்கு அன்றிரவே யாரோ தொலைபேசி எடுப்பார்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் முகமில்லாத கணக்குகள் இவ்வளவு பெருகியிருக்கின்றன. மருதாணி இட்ட கை, பெருநாளைக்குச் செய்த வட்டிலப்பத்தின் மேல் விழும் வெயில், அரபு எழுத்தணி வரையும் தூரிகை, முதுகு மட்டும் தெரியக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு படம், ஒரு குரல். இவற்றுக்குள் இருக்கும் கலைத்திறனைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். காட்டாமல் காட்டுவதற்கு ஒரு முழு இலக்கணமே உருவாக்கியிருக்கிறார்கள். ‘கட்டுப்பெட்டி’ என்று நினைப்பவர்களும் ‘கெட்டுப்போய்விட்டார்கள்’ என்று நினைப்பவர்களும் இதை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த இலக்கணமும் முழுப் பாதுகாப்பல்ல. இல்ல விளையாட்டுப் போட்டியில் எடுத்த ஒரு குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டியெடுத்து வேறொன்றில் ஒட்ட இன்று பெரிய திறமை தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு அதைச் சில விநாடியில் செய்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது. படத்தைத் திருடியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. “நீ ஏன் படத்துக்கு நின்றாய்?” என்று மட்டும் கேட்டார்கள். தொலைபேசி பறிக்கப்பட்டது, ரியூசன் நின்றது, அந்த வருடம் பரீட்சைக்கு அவள் தோற்றவில்லை. திருடியவனுக்கு என்ன நடந்ததென்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான். உங்கள் மகள் ஒரு பிரச்சினையில் மாட்டினால் முதலில் உங்களிடம் வர வேண்டும். வந்தவுடன் தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தால் அவள் வரமாட்டாள். மிரட்டுகிறவனிடமே போய்க் கெஞ்சுவாள். மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பதே வீட்டில் நிலவும் அந்தப் பயத்தைத்தான்.

தொலைபேசியை வயது வரும்வரை கொடுக்காமல் விடலாமே என்பார்கள். உலகமும் அதை யோசிக்கிறது. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் பலனைப் பார்க்கக் காலம் வேண்டும். எங்கள் வீடுகளில் ஒரு தொலைபேசியை உம்மாவும் மூன்று பிள்ளைகளும் பகிர்கிறார்கள். கணக்கு உம்மாவின் பெயரில்தான் இருக்கும். சட்டம் இங்கே எப்படி வயதைப் பார்க்கும் என்று எனக்குச் சந்தேகம்.

கடந்த தவணையில் 12 ஆம் தர மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு வாரம், பதிவிட வேண்டும் என்று தோன்றியும் பதிவிடாத ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். யார் பார்க்க வேண்டும் என்று நினைத்தாய் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். முதலிரண்டு நாளும் ‘எல்லாரும்’ என்று எழுதியிருந்தார்கள். வாரக் கடைசியில் பெயர்கள் வரத் தொடங்கின. ஒருத்தி, கட்டாரில் வேலை செய்யும் தன் வாப்பா என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, பேசாமல் விட்டுவிட்ட ஒரு சிநேகிதியின் பெயரை எழுதி அடித்திருந்தாள். ஆயிரம் பேருக்கான பதிவு என்று நினைத்தவற்றில் பல, உண்மையில் ஓர் ஆளுக்கான கடிதமாக இருந்தன. கட்டாருக்கு அன்றிரவே ஒரு குரல் பதிவு போனதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பயிற்சியைப் பெற்றோரும் செய்து பார்க்கலாம். வட்ஸ்அப் ஸ்ரேற்றஸ் போடுவதில் உம்மாமார் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் அல்லர். பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைச் சுட்டெண்ணோடு அப்படியே போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு யாரும் பெறுபேற்றைத் தேடலாம் என்பதால், போடத்தான் வேண்டுமென்றால் எண்ணை மறையுங்கள்.

யாராவது உங்கள் படத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், பயத்தில் உடனே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அழித்தால் சான்று போய்விடும். அந்தப் பதிவையும், அதைப் போட்ட கணக்கின் பெயரையும், திகதியையும் திரைப்படமாக எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே முறைப்பாடு செய்யலாம். மிரட்டுகிறவருக்குப் பணமோ இன்னொரு படமோ அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும், பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். அவரிடமும் முடியவில்லை என்றால், இடைவேளையில் நான் ஆசிரியர் அறையில் இருப்பேன்.